கதவில் எழுதிய சொல்

அனோஜினியை முதன்முதலாகப் பன்றி என்று கூப்பிட்டவள் ஒரு பதினொரு வயதுச் சிறுமி. லண்டனில், வால்தம்ஸ்டோ பஸ் நிலையத்தில், பள்ளிக்கூட உடுப்போடு, கையில் சிப்ஸ் பொட்டலத்தோடு, சிரித்த முகமாகவே சொல்லிவிட்டுப் போனாள். அன்று அனோஜினி பொலிஸ் சீருடை போட்டு நான்காவது நாள். அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நான்கு வருடத்தில் அவள் கேட்காத பெயர் இல்லை. கோழிப் பொரியல் கடை வாசலில் நிற்கும் பொடியள் ‘ஃபெட்ஸ்’ என்பார்கள். அது அமெரிக்கப் படங்களில் பொறுக்கிய சொல். அதே பொடியள் ஓடவேண்டி வந்தால் ‘பாய்டெம்’ என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். குடித்துவிட்டு நடைபாதையில் இருக்கும் ஆட்கள் ‘கொப்பர்’ என்பார்கள். கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ‘ப்ளொட்’ என்று சொல்லிவிட்டுப் பறக்கிறவர்களும் உண்டு. பன்றிபோல உறுமிக் காட்டுகிறவர்கள் எல்லா வயதிலும் இருந்தார்கள்.

பொலிஸ் நிலையத்தில் தேநீர் போடுகிற அறைச் சுவரில் டாரன் ஒரு பட்டியல் ஒட்டி வைத்திருந்தான். டாரன் அவளோடு ஒரே காரில் ரோந்து போகிறவன். ஐம்பத்தொரு வயது, வேலைக்கு வந்து இருபத்தேழு வருடம். புதுப் பெயர் ஒன்றைக் கேட்டுக்கொண்டு வருகிறவர் அதைப் பட்டியலில் எழுதவேண்டும். அன்று முழுக்க மற்றவர்கள் அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பார்கள். அனோஜினியும் மூன்று பெயர் எழுதியிருந்தாள். திட்டு வாங்குவது உடுப்பு, நானில்லை என்று தனக்குத்தானே சொல்லப் பழகியிருந்தாள்.

வீட்டில்தான் அது செல்லுபடியாகவில்லை. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் அவளும் தாய் மரியநாயகியும் மட்டும். மகள் என்ன செய்கிறாள் என்று கோயிலில் யாராவது கேட்டால், மரியநாயகி “கவுன்சிலில வேலை” என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவாள். மன்னாரில் மரியநாயகியின் தம்பியைப் பொலிஸ் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனது தொண்ணூறாம் ஆண்டு. அவன் திரும்பி வரவில்லை. “பொலிஸ் வாசலுக்கு வந்தால் வீட்டில ஒரு ஆள் குறையும்” என்பாள். அவளுடைய மகளே பொலிசாகி, சீருடையைக் கொடியில் காயப் போட்டபோது, அதை எடுத்துப் பின்னறைக்குள் தொங்கவிட்டாள். பக்கத்து வீட்டாருக்குத் தெரியக்கூடாதாம்.

அந்த மார்ச் மாதத்து வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு அழைப்பு வந்தது. புருஷன் அடித்துவிட்டான் என்று ஒரு பெண் அழுகிறாள், உடனே போங்கள் என்றார்கள். டாரன் காரை வீதிக்குள் திருப்பியபோதுதான் அனோஜினிக்கு விலாசம் உறைத்தது.

“இது எனக்குத் தெரிந்த வீடு. எங்களுடைய கோயில் ஆட்கள்” என்றாள்.

டாரன் வேறு கார் கேட்டுப் பார்த்தான். எல்லாமே தூரத்தில் நின்றன. வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். உள்ளேயிருந்து ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. இருவரும் இறங்கிப் போனார்கள்.

அது பீற்றரின் வீடு. அறுபத்தெட்டு வயது பீற்றர் அனோஜினியின் தகப்பனுக்குக் கூட்டாளி. அவளுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் தகப்பன் செத்தபோது சவப்பெட்டிக்கு முன்தோள் கொடுத்தவர். தாய்க்கு முதல் கிளீனிங் வேலை எடுத்துக் கொடுத்தவர். மரக்கறிச் சந்தையில் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்த காலம் முழுக்க, சனிக்கிழமை தவறாமல் ஒரு பெட்டி மரக்கறி கொண்டுவந்து அவர்களுடைய வாசலில் வைத்துவிட்டுப் போனவர்.

குசினி நிலத்தில் அவருடைய மருமகள் றூபினி இருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கம் திரும்பியிருந்தது. மற்றக் கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு பீங்கான் கோப்பை சிதறிக் கிடந்தது. பீற்றரின் மகன் ஜெனோசன் தண்ணீர்க் குழாயடியில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவனின் முகம் மலர்ந்தது.

“அட, அனோ! நல்லதாப் போச்சு நீ வந்தது. இந்த வெள்ளைக்குச் சொல்லு, இவள் வழுக்கி விழுந்தவள் எண்டு. சும்மா பயத்தில போன் அடிச்சிட்டாள்.”

அனோஜினி றூபினியைப் பார்த்தாள். றூபினி தலையை ஆட்டினாள். இல்லை என்று ஆட்டினாள்.

அனோஜினி ஜெனோசனிடம் ஆங்கிலத்தில் பேசினாள். எதற்காகக் கைது செய்கிறாள் என்பதையும், அவன் சொல்வதெல்லாம் சாட்சியமாகலாம் என்பதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். தமிழ் தெரிந்த வாய் ஆங்கிலம் பேசியதுதான் அவனுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. “உனக்கென்ன விசரே? தமிழில கதை!” என்று கத்தினான். டாரன் விலங்கைப் பூட்டினான்.

அந்த நேரம் பீற்றர் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தார். நிலத்தில் இருந்த மருமகளைத் தாண்டிக்கொண்டு வந்து மகனுக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு திரும்பி, மருமகளைப் பார்த்துத்தான் சொன்னார்:

“என்ர வீட்டுக்குள்ள ஃபில்த்தைக் கூப்பிட்டு விட்டிருக்கிறாய், என்ன?”

அனோஜினிக்கு அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் தெரியும். ஊத்தை. வீட்டுக்கு ஊத்தையை, அவமானத்தைக் கொண்டுவந்துவிட்டாய் என்று மருமகளை ஏசுகிறார் என்று விளங்கிக்கொண்டாள். அன்றைய அறிக்கையிலும் அப்படியே மொழிபெயர்த்து எழுதினாள்.

பிறகுதான் பீற்றர் அவளைப் பார்த்தார். “உன்ர அப்பன்ர பெட்டியைத் தூக்கினவன் நான்.”

“ஓம் அங்கிள்.”

“தூக்காமல் விட்டிருக்க வேணும்.”

அவ்வளவுதான். அவர் கதவைத் திறந்து பிடித்தார், அவர்கள் வெளியே போவதற்கு.

றூபினிக்கு எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெனோசனுக்குப் பிணை கிடைத்தது. ஆனால் மனைவியை நெருங்கக்கூடாது, தொடர்புகொள்ளக்கூடாது என்று நிபந்தனை.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போனபோது, கவுன்சில் வேலை என்ற கதை செத்துப்போயிருந்தது. மரியநாயகி வழக்கமாக இருக்கிற வாங்கில் மூன்று பெண்கள் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்கள். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீருக்கு வரிசையில் நின்றபோது, பின்னால் யாரோ பன்றிபோல உறுமினார்கள். சிலர் சிரித்தார்கள். அனோஜினி திரும்பினாள். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். எல்லோரும் அவளுக்கு ஞானஸ்நானக் காலத்திலிருந்து தெரிந்த முகங்கள். ஒருவரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

புதன்கிழமை மரியநாயகியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. செபமாலைக் கூட்டத்துக்கு இனி வரவேண்டாம், வீட்டுக்காரருக்கு வசதிப்படாது என்று. பன்னிரண்டு வருடமாகப் போன கூட்டம். மரியநாயகி போனை மேசையில் குப்புற வைத்தாள்.

“சந்தோசமோ?” என்று மகளைக் கேட்டாள்.

“அவளின்ர கையை முறிச்சவன் அவன், அம்மா. நானில்லை.”

“கை முறிஞ்சால் பொருந்தும்.”

“நீங்கள் ஒருக்கால் அவளைப் பாத்திருந்தால் இப்பிடிக் கதைக்க மாட்டியள்.”

“நீ ஏன் போனனி? வேற பொலிசே இல்லையோ இந்த லண்டனில?”

அதற்குப் பிறகு மரியநாயகி பேச்சை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். தட்டுக்கு மேலே இன்னொரு தட்டு மூடியிருக்கும். அனோஜினி தனியே இருந்து சாப்பிட்டாள்.

பேச்சு நின்று ஆறாவது நாள், செவ்வாய்க்கிழமை. காலை ஷிப்ட் முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு வந்தவள் படலையடியில் நின்றுவிட்டாள். வெள்ளைக் கதவில் கறுப்புப் பெயின்றால், ஒரு சாண் உயரத்தில் ஐந்து ஆங்கில எழுத்து. FILTH. எழுத்தின் அடியிலிருந்து பெயின்ற் ஒழுகிப் படியில் சொட்டியிருந்தது. தூரிகையை அமர்த்திப் பிடித்து, ஆறுதலாக எழுதிய எழுத்து.

மரியநாயகி உள்ளே பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

“ஆரம்மா எழுதினது?”

“எனக்குத் தெரியாது. நான் பின்னால நிண்டனான்.” ஆறு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. பிறகு கேட்டாள், “என்னெண்டு எழுதிக் கிடக்கு?”

“ஊத்தை எண்டு.”

மரியநாயகியின் கையில் பயற்றங்காய் அப்படியே நின்றது. “ஊத்தையோ?”

“ஓம்.”

மரியநாயகி மீதிப் பயற்றங்காயை முறிக்காமலே எடுத்து வைத்துவிட்டு மேலே போனாள்.

பக்கத்துப் பகுதியிலிருந்து வந்த இளம் கொன்ஸ்டபிள் படம் எடுத்தான், குறிப்பெழுதினான். இனத் துவேஷம் என்று பதிவு செய்தான். கறுப்புத் தோல் குடும்பத்தின் கதவில் ஊத்தை என்று எழுதினால் வேறென்ன? அனோஜினியும் அப்படித்தான் நினைத்தாள். பீற்றர் மருமகளை ஏசிய சொல்லோடு அதை அவள் முடிச்சுப்போடவில்லை.

அடுத்த நாள் டாரன் பெயின்ற் கழுவுகிற தின்னரும் துணியும் கொண்டு வந்தான். கதவுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான்.

“உன்னுடைய தோலைப் பார்த்து எழுதினதில்லை இது” என்றான். “உன்னுடைய வேலையைப் பார்த்து எழுதினது.”

“எப்படிச் சொல்கிறாய்?”

“ஃபில்த் என்றால் பொலிஸ். என்னுடைய தகப்பன் காலத்து ஈஸ்ட் எண்ட் பேச்சு. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள், களவுச் சாமான் விற்கிறவர்கள், அப்படியான ஆட்கள் பொலிசுக்கு வைத்த பெயர். ஃபில்த் வருகிறது, ஓடு என்பார்கள். நான் வேலைக்கு வந்த புதிதில் தினமும் கேட்டேன். இப்போதைய பொடியளின் வாயில் வராது. அதனால்தான் எங்கள் பட்டியலிலும் இல்லை. இதை எழுதினவனுக்கு அறுபது வயதுக்குக் குறையாது, அனோ. வெள்ளைக்காரக் கிழவன் எவனாவது இந்தத் தெருவில் இருக்கிறானா?”

அனோஜினி துணியை நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைக்காரக் கிழவர்களோடு இருபத்திரண்டு வருடம் சந்தையில் மூட்டை இறக்கிய ஒரு தமிழரை அவளுக்குத் தெரியும்.

வியாழக்கிழமை சார்ஜன்டிடம் அனுமதி கேட்டு, கைது செய்த அன்று அவளுடைய நெஞ்சில் மாட்டியிருந்த கமராவின் பதிவைப் பார்த்தாள். பீற்றர் படியிறங்கி வருகிறார். றூபினியைத் தாண்டுகிறார். “என்ர வீட்டுக்குள்ள ஃபில்த்தைக் கூப்பிட்டு விட்டிருக்கிறாய்.” அவர் அவமானத்தைப் பற்றிப் பேசவில்லை. பொலிசைக் கூப்பிட்டுவிட்டாய் என்றுதான் சொல்லியிருக்கிறார். குசினியில் நின்ற அனோஜினியைத்தான் சொல்லியிருக்கிறார். அவள்தான் விளங்கிக்கொள்ளாமல், அறிக்கையில் பிழையாக எழுதியிருக்கிறாள்.

திருத்தம் எழுதிக் கொடுத்தாள். கதவைப் பற்றிச் சொன்னபோது சார்ஜன்ட் கையை விரித்தார். ஒரு சொல்லை வைத்து ஒருவரைப் பிடிக்கமுடியாது, கண்டவர் யாராவது வேண்டும் என்றார்.

ஞாயிறு பூசைக்குத் தாய் வரமாட்டேன் என்றுவிட்டாள். அனோஜினி தனியே போனாள். பூசை முடிந்து கார் நிறுத்துகிற இடத்தைக் கடந்தபோது பீற்றர் தன்னுடைய காருக்குப் பக்கத்தில் நின்றார். அவருடைய வலதுகைப் பெருவிரல் நகத்தடியில் கறுப்பாக ஏதோ இருந்தது. பெயின்ற்றாகவும் இருக்கலாம், கார் எண்ணெயாகவும் இருக்கலாம்.

“கதவு வடிவாத் துப்பரவாகீட்டுதோ?” என்று கேட்டார்.

“உங்களுக்கு ஆர் சொன்னது கதவைப் பற்றி?”

“கோயில் முழுக்கத் தெரியும்.” அவர் குரலைத் தாழ்த்தவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்றே பேசினார். “எண்பத்தஞ்சாம் ஆண்டு நான் சந்தைக்குப் போன முதல் மாசம், எனக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லுத் தெரியாது. விடியக் காலமை வேலை முடிஞ்சு வரேக்க ரெண்டு பொலிஸ் மறிச்சவங்கள். என்ர பையைக் கொட்டி, வெங்காயத்தைச் சப்பாத்தால உருட்டி விளையாடினவங்கள். முதலாளி தந்த வெங்காயம். சிரிச்சுப்போட்டு, பொறுக்கடா எண்டவங்கள். நான் பொறுக்கினனான். அடுத்த நாள் என்னோட வேலை செய்த வெள்ளைக்காரன் சொல்லித் தந்தான், அவங்களுக்கு என்ன பேரெண்டு. இந்த நாட்டில நான் படிச்ச முதல் சொல்லு அது.”

“அவங்கள் செய்தது பிழை, அங்கிள்.”

“பிழையோ? நீ அவங்கட உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்து, என்ர குசினிக்குள்ள நிண்டு, என்ர பிள்ளைக்கு விலங்கு போட்டனி. அந்தச் சொல்லு உனக்குப் பொருந்தாதோ?”

“நீங்கள் றூபினியைத் தாண்டிக்கொண்டு வந்தனியள். குனிஞ்சும் பாக்கேல்லை. அதை நான் கண்டனான்.”

“அவளின்ர கை ஆறீடும். என்ர மகன்ர பேர் ஆறுமோ?”

“நீங்கள் எழுதினதோ, அங்கிள்?”

பீற்றர் சிரித்தார். “கண்டவை ஆரும் இருந்தால் கூட்டிக்கொண்டு வா.” நிலத்தில், அவளுடைய சப்பாத்துக்கு ஒரு விரல்கடை தள்ளித் துப்பிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தவள் உடுப்பு மாற்றாமலே குசினி வாசலில் நின்று சொன்னாள். “கதவில எழுதினது பீற்றர் அங்கிள்.”

மரியநாயகி அடுப்பை அணைத்தாள். “தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கண்டனான். பதினொரு மணியிருக்கும். மேல் யன்னலால பாத்துக்கொண்டு நிண்டனான். பெயின்ற் டின்னோட வந்தவர். நல்லா நேரமெடுத்துத்தான் எழுதினவர்.”

அனோஜினி கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தாள். “நீங்கள் கத்தேல்லையோ? யன்னலைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்லேல்லையோ?”

“ஏன் சொல்லுவான்? எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமே? பொலிஸ் எண்டு எழுதுறார் எண்டு நினைச்சன். உண்மைதானே. ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, எழுதட்டும், எழுதி முடிச்சால் அந்தாளின்ர ஆத்திரம் ஆறும் எண்டு விட்டன்.” மரியநாயகி ஈரக் கையைச் சீலையில் துடைத்தாள். துடைத்த கையை மறுபடியும் துடைத்தாள். “பிறகு நீ வந்து சொன்னாய், ஊத்தை எண்டு.”

“அது பொலிசுக்குச் சொல்லுற பேராம், அம்மா.”

“அதுவும் தெரியும். நான் போன் அடிச்சுக் கேட்டனான். பீற்றர் அண்ணை, ஊத்தை எண்டோ எழுதினனீங்கள் எண்டு. அது உன்ர பெட்டைக்கு எழுதினது எண்டார். கதவு என்ரதெல்லோ எண்டன். அப்ப அவர் சொல்லுறார், பெட்டையை வளர்த்த வீட்டுக்கும் சேர்த்துத்தான், வேணுமெண்டால் உன்ர தொழிலையும் சேர்த்துக்கொள் எண்டு. சொல்லிப்போட்டுச் சிரிச்சார்.”

அவளுடைய குரல் முதல்முறையாக உடைந்தது. அழுகையில் அல்ல.

“இருபத்திரண்டு வருஷம், அனோ. மூண்டு ஒபிஸ். வெள்ளையளின்ர கக்கூசு, அவையள் குடிச்சுப்போட்டு எடுத்த சத்தி, எல்லாம் இந்தக் கையால கழுவினனான். ஒருத்தருக்கும் கைநீட்டேல்லை. அந்தாள் எடுத்துத் தந்த வேலைதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்காக என்ர கதவில ஊத்தை எண்டு எழுத அந்தாள் ஆர்?”

பிறகு மரியநாயகி கேட்டாள், “எங்க போய்ச் சொல்ல வேணும்?”

“நீங்கள் அவருக்கெதிராச் சாட்சி சொன்னால், பிறகு கோயில் பக்கமே போகேலாது.”

“நான் உன்னைக் கேட்டது எங்க எண்டு.”

திங்கட்கிழமை அனோஜினி தாயைப் பொலிஸ் நிலையத்து வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். வழக்கில் சம்பந்தப்பட்டவள் என்பதால் அதற்குமேல் அவள் கூடப் போகமுடியாது, மொழிபெயர்க்கவும் முடியாது. வேறொரு பெண் போனில் மொழிபெயர்த்தாள். மரியநாயகி ஒன்றேகால் மணித்தியாலம் உள்ளே இருந்தாள். கண்ட நேரம், டின்னின் நிறம், பீற்றர் போட்டிருந்த தொப்பி, போனில் சொன்ன வார்த்தைகள், எல்லாம் சொல்லிக் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் மேல்தட்டில் இருந்தார்கள்.

“நான் சொன்னது என்ர கதவுக்காக” என்றாள் மரியநாயகி. “உன்ர உத்தியோகத்துக்காக இல்லை. அதை நீ விடத்தான் வேணும்.”

“விடமாட்டன், அம்மா.”

“அப்ப உன்ர உடுப்பை நீயே தோய்ச்சுக்கொள்.”

அவள் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இறங்கும்வரை திரும்பவில்லை.

கண்ட சாட்சி இருக்கிறது என்று சொன்னதும் பீற்றர் மறுக்கவில்லை. நான்தான் எழுதினேன், இன்னொருதரமும் எழுதுவேன் என்றாராம். நிபந்தனையோடு எச்சரிக்கை கொடுத்து, அந்த வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று எழுதிவாங்கி விட்டார்கள். மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. வரும் என்று மரியநாயகி எதிர்பார்க்கவுமில்லை. அவள் ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறி, தமிழ் இல்லாத வேறொரு கோயிலுக்கு இங்கிலிஷ் பூசைக்குப் போய்வரத் தொடங்கினாள். ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும் போய் வந்தாள்.

ஜெனோசனின் வழக்கு ஜூலையில் வந்தது. கமராப் பதிவைப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத்தண்டனையை நிறுத்திவைத்தார்கள், றூபினியின் பக்கம் இரண்டு வருடம் தலைகாட்டக்கூடாது. பீற்றரும் கோயில் ஆட்கள் ஏழெட்டுப் பேரும் நீதிமன்றத்திலிருந்து வெளியே வந்தபோது அனோஜினிக்கு நேரே வந்து, கடைசி நிமிடத்தில் இரண்டாகப் பிரிந்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள், வழியில் கிடக்கிற எதையோ மிதிக்காமல் போவதுபோல.

றூபினி கடைசியாக வந்தாள். பிளாஸ்டர் கழற்றியிருந்தாள். இடது கை வலதைவிட மெலிந்துபோயிருந்தது. தமக்கை முன்னால் நடக்க, இவள் மட்டும் நின்றாள்.

“கை எப்பிடி?” என்று கேட்டாள் அனோஜினி.

“சுண்டுவிரல் இன்னும் மடக்கேலாது.” விரலை மடக்கப் பார்த்தாள். “எல்லாரும் கேக்கினம், உங்களுக்கு நன்றி சொன்னனானோ எண்டு. அக்காவும் கேட்டவ.”

“தேவையில்லை.”

“நான் சொல்லேல்லை. சில நாளில யோசிக்கிறனான், நீங்கள் வராமல் வேற ஆரும் வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும் எண்டு. வெள்ளையள் வந்திருந்தால், பொலிஸ் வந்தது எண்டு மட்டும் போயிருக்கும். நீங்கள் வந்தபடியால் அது எங்கட சனத்துக்குள்ள சண்டையாப் போச்சு, எனக்குக் கோயிலும் இல்லை, ஒரு சனமும் இல்லை.”

அனோஜினி அவளுடைய முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்தது. ஆனால் அது நேர்மையான கோபம், மண்டபத்தில் உறுமியவர்களுடையதைப்போல இல்லை.

“ஓம்” என்றாள். “விளங்குது.”

“ஆனால் போன் அடிச்சது நான். அதை மட்டும் ஒருத்தரும் மறக்கக்கூடாது.”

சொல்லிவிட்டு றூபினி தமக்கைக்குப் பின்னால் படியிறங்கிப் போனாள்.